ஊதாக் குடையும் இரட்டைக் கதையும்

கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருஷமாக ஓர் அக்கா வேலை பார்க்கிறாள். வந்தவர்களுக்கு மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "கண்ணாடி நேராத்தான் இருக்கு. உங்க இடது காதுதான் கொஞ்சம் மேல இருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களும் வீட்டில் போய்க் காதைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த முறையும் அவளிடமேதான் வந்தார்கள்.

ஊரார் காதில் உள்ள கோணலை இவ்வளவு கறாராகச் சொல்கிறவள் தன்னுடைய கோணல் ஒன்றைப் பதினோரு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். வைத்திருந்த இடமும் வேறெங்கும் இல்லை, அதே கடையின் பின்னறை அலமாரிதான். அது எப்படி வெளியே வந்தது என்று சொல்வதற்கு முன்னால் அவளுடைய இன்னொரு தொழிலைச் சொல்லியாக வேண்டும்.

அவள் கதை எழுதுகிறவள். புனைபெயரில் எழுதுவதால் கடை முதலாளிக்குக்கூடத் தெரியாது. பஸ் நிறுத்தங்களில், ஆஸ்பத்திரி வரிசைகளில், துணி துவைக்கப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் பெண்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்களே, அந்த இரட்டைக் கதைப் புத்தகங்கள் இவள் கைவேலைதான். ஒரே புத்தகம், இரண்டு அட்டை. இந்தப் பக்கம் திறந்தால் மூத்தவள் கதை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி அந்தப் பக்கம் திறந்தால் இளையவள் கதை. ஒன்பது பாலங்கள் உள்ள மாய நாடு ஒன்று. அதில் ஓர் அக்கா, ஒரு தங்கை. ஆளுக்கு ஒரு வரம், ஆளுக்கு ஒரு சாபம், ஆளுக்கு ஒரு காதலன். இரண்டு கதையும் புத்தகத்தின் நடுவில் வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். நாடு எப்போதும் அதேதான். அக்கா தங்கை மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவார்கள். எந்தப் பக்கத்தை முதலில் படிப்பது என்பதில் சிநேகிதிகள் முகம் கொடுத்துப் பேசாமல் போன கதையெல்லாம் உண்டு.

இப்படி எழுதுவதில் ஒரு தலைவலி இருக்கிறது. ஒரே சம்பவம் இரண்டு பேர் வாயால் வரும். மூத்தவள் கதையில் நாலாவது பாலம் செவ்வாய்க்கிழமை இடிந்தால், இளையவள் கதையிலும் செவ்வாய்க்கிழமைதான் இடிய வேண்டும். அங்கே பச்சைக் குதிரை என்றால் இங்கேயும் பச்சைக் குதிரை. அக்காவுக்குக் கற்பனை கரைபுரண்டு ஓடும். கிழமை மட்டும் மனதில் நிற்காது. இதையெல்லாம் பிடித்து நிறுத்துகிறவள் அவளுடைய சொந்தத் தங்கை.

தங்கைக்குச் சட்டை தைக்கிற ஆலையில் செக்கிங் வேலை. சட்டையின் இடது கையை வலது கையின் மேல் வைத்துப் பார்ப்பாள். நூலளவு பிசகியிருந்தால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தைத்தவள் அழுதாலும் சரி, சூப்பர்வைசர் பல்லைக் கடித்தாலும் சரி, ஒட்டின அம்பு ஒட்டினதுதான். அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று வீட்டிலும் இருக்கும். அக்காவின் இரண்டு கையெழுத்துப் பிரதிகளையும் மேஜைமேல் பக்கம் பக்கமாக விரித்து, அடிக்கோலை வைத்து வரி வரியாக இறங்குவாள். பிசகு கண்ட இடத்தில் அம்பு. அம்புக்குப் பக்கத்தில் பென்சிலால் எப்போதும் ஒரே வாசகம்: ரெண்டும் ஒத்துப்போகலை.

"கதைதானே, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன?" என்று அக்கா சிணுங்குவாள்.

"சட்டைதானே, ஒரு கை நீளமா இருந்தா என்னன்னு போட்டுக்கிட்டுப் போவியா நீ?" என்பாள் தங்கை.

மாடியில் இரண்டு அறை வீடு. நாற்பத்தாறு வயது அக்கா, நாற்பது வயது தங்கை. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. இரண்டு பேருக்கும் கல்யாணம் இல்லை. அக்கா வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தங்கை விஷயம் வேறு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஆலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். இவள் முன் சீட்டில் உட்காருவாள், அவன் எதிரே இருக்கிற கண்ணாடியில் பார்ப்பான், இரண்டு பேரும் வழிநெடுக வாயடித்துக்கொண்டே போவார்கள். போன் நம்பர் வரைக்கும்கூடப் போகாத சிநேகம். ஒரு மழை நாளில் தன் ஊதாக் குடையை அவனிடம் இரவல் கொடுத்தாள். அடுத்த வாரம் திங்கட்கிழமை பஸ்ஸில் வேறு டிரைவர். அவன் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு வார்த்தை இல்லை, குடையும் இல்லை.

தங்கை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அதைக் கேலியாக்கிக்கொண்டாள். "மனசைத்தான் திருடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவன் குடையைத் திருடிட்டுப் போயிட்டான்." அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் பெயர் குடைத் திருடன். மழை பிடிக்கிறபோதெல்லாம், "ஊதாக் குடையைப் பிடிச்சுக்கிட்டு எந்த ஊர்ல சுத்தறானோ நம்ம திருடன்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் இது தெரியும், அவளும் சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள்.

அக்கா சிரித்ததுதான் கொடுமை. ஏனென்றால் அவன் குடையைத் திருடவில்லை. திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டவள் அக்கா.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தங்கை கூடுதல் வேலைக்கு ஆலைக்குப் போயிருந்தாள். அம்மா உள்ளறையில் படுத்த படுக்கை. அம்மாவைப் புரட்டிப் போடுவது, துடைத்துவிடுவது, துணிகளை அலசுவது எல்லாம் தங்கைதான். அக்கா வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு சரி. அந்த வாரம்தான் முதல் இரட்டைக் கதையைப் போடுவதாகப் பதிப்பாளரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், இரண்டு படி கீழே தள்ளி நின்றுகொண்டிருந்தான், செய்தித்தாளில் சுற்றின குடையோடு.

"நீங்க அவங்க அக்காதானே? நான் கம்பெனி பஸ் ஓட்டறவன்ங்க. எனக்கு வெளியூர்ல டிப்போ வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலையில கிளம்பணும். அவங்களுக்குச் சம்மதம்னா, அங்க ஒரு வீடு பார்த்துட்டு முறைப்படி வந்து உங்கம்மாகிட்டப் பேசறேன். சம்மதமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. சாயங்காலம் வரைக்கும் பஸ் ஷெட்லதான் இருப்பேன்."

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

அக்காவின் மனதில் அந்த நிமிஷம் இரண்டு கேள்விகள் எழுந்தன. இவள் போய்விட்டால் என் பக்கங்களை யார் பார்ப்பது? அம்மாவை யார் புரட்டுவது? எந்தக் கேள்வி முதலில் வந்தது என்று அவளுக்கு இன்றுவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கங்கள்தான் முதலில் வந்தன.

"அவகிட்டக் கேட்க வேண்டியதே இல்லீங்க" என்றாள். "நீங்க வந்தா சொல்லிடச் சொல்லித்தான் வச்சிருக்கா. அவளுக்கு அப்படி எண்ணம் எதுவும் இல்லையாம்."

அவன் கொஞ்ச நேரம் படியையே பார்த்தான். "சரிங்க" என்றான். "இந்தக் குடை அவங்களோடது. கிழிஞ்சிருந்தது, தைச்சிருக்கேன். குடுத்துடுங்க." நாலு படி இறங்கினவன் திரும்பி, "தொந்தரவு பண்ணிட்டேன்னு சொல்லுங்க" என்றான். கோபப்பட்டிருந்தால்கூட அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாவி மனுஷன் மரியாதையாகப் பேசிவிட்டுப் போய்விட்டான்.

குடையைக் கொடுத்தால் வந்தவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதனால் மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போய் டவுன் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கினாள். நல்லது செய்கிறவர்களுக்கு நேரம் காலம் தெரியாது என்பதற்கு, அவளிடமே கண்ணாடி வாங்கியிருந்த அந்த பஸ் கண்டக்டர் சாட்சி. அடுத்த நாள் கடைக்கே தேடி வந்து, "உங்க குடைங்க, மறந்துட்டீங்க" என்று முதலாளி முன்னால் நீட்டினான். திருதிருவென்று விழித்து, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். பின்னறையில் வாடிக்கைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களுக்கு என்று ஓர் அலமாரி உண்டு: ஒற்றைக் கம்மல், கைத்தடி, காலிக் கண்ணாடிக் கூடுகள். அதன் அடித்தட்டில் குடையைத் தள்ளினாள். அங்கேயே கிடந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. அம்மா போன பிறகு சொல்லலாம் என்று இருந்தாள். போன பிறகு, இந்தத் துக்கம் ஆறட்டும் என்று இருந்தாள். ஆறின பிறகு, நன்றாக இருக்கிறவளை ஏன் கிளற வேண்டும் என்று இருந்தாள். சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் அவளுடைய கற்பனை ஒரு நாளும் வற்றவில்லை.

அப்படி இருந்தவள், எட்டாவது புத்தகத்தில் போய் மாட்டிக்கொண்டாள். மனதில் இருந்த அரிப்பைச் சொறிந்தாக வேண்டும், ஆனால் யாரும் பார்க்கக் கூடாது. இந்த மாதிரி ஆட்களுக்குக் கதை எழுதுவது எவ்வளவு வசதி பாருங்கள். அந்தப் புத்தகத்தின் மூத்தவளுக்கு மழையை நூலாக முறுக்கிக் கட்டிவைக்கிற வரம். இளையவளுக்கு, எந்தப் பொருளைத் தொட்டாலும் அதைக் கடைசியாகத் தொட்ட கை யாருடையது என்று தெரிந்துவிடும். இளையவளைக் காதலிக்கிறவன் மேகத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே படகு விடுகிறவன். கிழிந்துபோன அவளுடைய மழைப்போர்வையைத் தைத்து எடுத்துக்கொண்டு, மறுநாள் பயணம் என்று சொல்ல வருகிறான். வாசலில் மூத்தவள் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போர்வையை ஆற்றில் மறைக்கிறாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மூத்தவள் ஏன் அப்படிச் செய்தாள்? ஏழாவது பாலத்தின் அடியிலிருந்து ஒரு குரல் அவளுக்குச் சொல்லியிருக்கிறதாம், இளையவள் அந்தப் படகில் கால் வைத்தால் கல்லாகிவிடுவாள் என்று. தங்கையைக் காப்பாற்ற, அந்தப் பழியைத் தன் தலைமேல் தூக்கிப் போட்டுக்கொண்ட தியாகியாம் அவள். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? இளையவள் கதையின் கடைசிப் பக்கத்தில் போர்வை கரை ஒதுங்குகிறது. இளையவள் தொடுகிறாள், எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஓடி வந்து கட்டிக்கொண்டு, "எனக்காகத்தானே அக்கா செய்தாய்" என்று மன்னித்துவிடுகிறாள். அந்தப் பக்கத்தை எழுதியபோது அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். எழுதி முடித்த பிறகு மனசு லேசாகிவிட்டது என்று டீ போட்டுக் குடித்தாள்.

பிரதிகளைத் தங்கையிடம் கொடுத்தாள். வழக்கம்போல் தங்கை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புகிறபோது பிரதிக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "முடிச்சிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மற்ற நேரமாக இருந்தால் பதினைந்து நிமிஷம் வம்பு பேசிவிட்டுத்தான் போவாள். அக்காவுக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. திங்கட்கிழமை பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டும் என்கிற அவசரம்.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். அம்புகள் குறைவாகவே இருந்தன. எண்ணிப் பார்த்தால் இரண்டே இரண்டுதான். தனக்குக் கிழமை நிற்கத் தொடங்கிவிட்டது என்று ஒரு நிமிஷம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

முதல் அம்பு, மூத்தவள் கதை, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். படகோட்டி கொண்டுவந்த போர்வையைப் பற்றி அக்கா எழுதியிருந்த வரி: 'தூண்டில் நரம்பால் தைத்திருந்தான். தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. முடிச்சுகள் உள்ளே மறையாமல் வெளியே தெரிந்தன.' பக்கத்தில் தங்கையின் பென்சில் எழுத்து: 'இதை நீ எங்க பார்த்தே?'

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. அது தன் சொந்தக் கற்பனை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பத்து வினாடி கழித்து, எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து, மக்கிப்போன செய்தித்தாளைப் பிரித்து, குடையை லேசாக விரித்துப் பார்த்தாள். கம்பியை விட்டுப் பிய்ந்திருந்த துணியைத் தூண்டில் நரம்பால் தைத்திருந்தது. இடது கைக்காரன் போட்ட தையல். முடிச்சுகள் எல்லாம் வெளியே.

ஆயிரம் பொருள்களை மாற்றி எழுதினவள் தையலை மட்டும் மாற்றவில்லை. அதுவும் யாரிடம் படிக்கக் கொடுத்தாள்? தினம் எழுநூறு சட்டையின் தையலைப் பார்க்கிறவளிடம்.

இரண்டாவது அம்பு, இளையவள் கதையின் கடைசிப் பக்கத்தில், மன்னிக்கிற இடத்தில் இருந்தது. அங்கே வழக்கமான வாசகம்தான்: 'ரெண்டும் ஒத்துப்போகலை.'

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போக, அக்கா அந்தப் பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே முதலாளி கூப்பிட்டார். போய் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டாள், என்ன பேசினாள் என்று தெரியவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று புத்தி அந்த நேரத்திலும் வேலை செய்தது. எவனோ ஒரு வாடிக்கைக்காரன் கைப்பையில் பார்த்தேன் என்று சொல்லலாம். அந்த நினைப்பு வந்ததும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் கடையை விட்டு இறங்கினபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கையில் குடை. ஆனால் அதை விரிக்க அவளுக்குக் கை வரவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அரை மைல் நனைந்துகொண்டே நடந்தாள். சாவிக் கடைக்காரர், "குடையைக் கையில வச்சுக்கிட்டு நனையறீங்களேம்மா, ஓட்டையா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள்.

தங்கை முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் சொட்டச் சொட்ட நின்ற அக்காவைப் பார்க்கவில்லை, குடையைத்தான் பார்த்தாள். எழுந்து வந்து வாங்கினாள். விளக்குக்குக் கீழே கொண்டுபோய் விரித்து, தையலை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஆலையில் செய்கிற மாதிரியே துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் பிரியலை" என்றாள். அப்புறம், "பஸ்ல சீட்டோட முதுகு கிழிஞ்சா இப்படித்தான் தைப்பான். முடிச்சை உள்ள போடுன்னு நான் திட்டுவேன். வெளிய இருந்தாத்தாங்க எப்ப தளருதுன்னு தெரியும்னுவான். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உன்கிட்டயும்தான்" என்றாள்.



"எங்க இருந்துச்சு?"

"கடையில. பின்னறை அலமாரியில."

"வந்தானா?"

"வந்தான்."

"என்ன சொன்னான்?"

அக்கா சொன்னாள். வெளியூர் வேலை, வீடு பார்க்கிறேன் என்றது, சம்மதமா என்று மட்டும் கேட்டது, சாயங்காலம் வரை ஷெட்டில் இருப்பேன் என்றது, தொந்தரவு பண்ணிவிட்டேன் என்று சொல்லச் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தைகூட மறந்திருக்கவில்லை.

"நீ என்ன சொன்னே?"

அதையும் சொன்னாள். சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏன்?" என்றாள் தங்கை.

"அம்மா அப்படிக் கிடந்தாங்க. நீ போய்ப் புது ஊர்ல, முன்னப்பின்ன தெரியாதவனோட..."

"நான் கல்லாயிடுவேன்னு பாலத்துக்கு அடியிலேர்ந்து குரல் ஏதாவது கேட்டுச்சா உனக்கு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல."

"அப்ப ஏன்?"

"என் பக்கமெல்லாம் யார் பார்த்துக் குடுப்பாங்கன்னு நினைச்சேன். அம்மாவையும் நானே பார்க்கணுமேன்னு நினைச்சேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

தங்கை குடையை மடக்கினாள். அதன் பட்டையைச் சுற்றிப் பட்டனைப் போட நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் கத்துவாள், அழுவாள், கையில் இருப்பதை எறிவாள் என்றெல்லாம் அக்கா எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை.

"கல்யாணம் ஆகலைன்னு நான் ஒண்ணும் செத்துப் போயிடலை" என்றாள் தங்கை. "அவன்கூடப் போயிருந்தா எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அது போகட்டும். ஆனா திரும்பக் கொண்டுவந்து குடுத்தவனைப் பதினோரு வருஷமாத் திருடன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். தெருவுக்கே சொல்லிச் சிரிச்சிருக்கேன். நீயும் கூடச் சிரிச்சே."

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "என்னை மன்னிச்சிடுடீ" என்றாள்.

தங்கை அக்காவின் தோள்பையைக் காட்டினாள். நனையாமல் சுருட்டிக் கொண்டுவந்திருந்த கட்டு அதற்குள் இருந்தது. "அதைத்தான் நீயே எழுதிக்கிட்டியே, கடைசிப் பக்கத்துல. அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்கறே?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரப் புடவை தரையெல்லாம் நனைத்தது. "அந்தக் காட்சியையே எடுத்துடறேன்" என்றாள்.

"காட்சி இருக்கட்டும். சாபத்தை எடு."

அதைப் பற்றி அன்றைக்கு அவர்கள் பேசினது அவ்வளவுதான். தங்கை ஒரு துணியைக் கொண்டுவந்து தரையைத் துடைத்தாள். அக்கா துடைக்கிறேன் என்று கையை நீட்டினபோது, "வேணாங்க, நீங்க போய் மாத்திக்குங்க" என்றாள். நாற்பது வருஷமாக நீ, வா, போ என்று இழுத்துப் பிடித்துச் சண்டை போட்ட வாயிலிருந்து அந்த 'நீங்க' வந்தது. அக்காவுக்கு அது செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

பதிப்பாளரிடம் மூன்று நாள் தவணை கேட்டு, அக்கா தினமும் விடியற்காலையில் உட்கார்ந்து எழுதினாள். பாலத்துக் குரலை எடுத்தாள். கல்லாகிற சாபத்தை எடுத்தாள். எடுத்த பிறகு மூத்தவள் அங்கே வெறுமனே நின்றாள், தங்கை போய்விட்டால் மழை நூலைத் தனியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று சோம்பல்பட்ட ஒரு பெண்ணாக. அவளுக்கு ஏதாவது ஒரு நல்ல வார்த்தை கொடுக்கலாமா என்று பேனா துடித்தது. கொடுக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, யாராவது பின்னால் நின்று பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

இளையவள் கதையின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனாள். போர்வையைத் தொட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிற இடம் வரைக்கும் இருந்தது. "இதுக்கு அப்புறம் இவ என்ன பண்றா, நீ எழுதறியா?"

"எனக்குத் தப்பு பார்க்கத்தான் தெரியும். எழுதத் தெரியாது."

"எழுத வேணாம். என்ன பண்றான்னு மட்டும் சொல்லு."

தங்கை அந்தப் பக்கத்தை வாங்கி, இரண்டு தடவை படித்தாள். "அவளுக்கே இன்னும் தெரியலையே" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூத்தவளைத் திட்டித் தீர்த்துடுவாங்களே மேடம். அப்புறம் நடுவுல ஒரு பக்கம் வெள்ளையா விடணுமா? அச்சுல தப்புன்னு திருப்பி அனுப்புவாங்க."

"திட்டட்டும். அனுப்பட்டும்" என்றாள் அக்கா. அவளுடைய குரலைக் கேட்டு அவர் தலையாட்டிவிட்டார்.

அனுப்புவதற்கு முன்னால் தங்கை வழக்கம்போல் அடிக்கோலை வைத்து முழுவதையும் பார்த்துக் கொடுத்தாள். வேலை என்றால் வேலைதான் அவளுக்கு. அக்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அம்பைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. எட்டுப் புத்தகத்தில் முதல் தடவையாக இரண்டு கதையும் முழுக்க ஒத்துப்போயிருந்தது. திட்டி ஒரு வரி எழுதியிருந்தால்கூட அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

இப்போதும் இருவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். சமையல் நடக்கிறது, தண்ணீர் பிடிக்கிறார்கள், துணி காய்கிறது. "தண்ணி வந்துடுச்சு", "கதவைச் சாத்தணும்" என்று தங்கை சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். அக்கா என்று மட்டும் கூப்பிடுவதில்லை. மழை வந்தால் ஊதாக் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறாள். ஒரு நாள் கீழே குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "அட, குடைத் திருடன் திருப்பிக் குடுத்துட்டானா?"

"அவன் திருடன் இல்லக்கா. அன்னிக்கே கொண்டுவந்து குடுத்துட்டானாம். நான்தான் தெரியாம பேசிட்டேன்."

"அப்ப இத்தனை நாளா எங்க இருந்துச்சு?"

தங்கை குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு குடத்தோடு பின்னால் நின்றிருந்த அக்கா, குடம் நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி திரும்பி இவள் முகத்தைப் பார்த்தாள்.

புத்தகம் வந்து இரண்டு மாதம் இருக்கும். கடைக்கு ஓர் அம்மாள் வந்தாள், கைப்பையிலிருந்து எட்டாவது இரட்டைக் கதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சோதித்ததில் பவர் கொஞ்சம் ஏறியிருந்தது. புதுக் கண்ணாடியை அக்கா மாட்டிவிடுகிற நேரத்தில், அந்த அம்மாளே புத்தகத்தை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"இதைப் படிச்சீங்களா? இந்த மூத்தவ இருக்காளே, இவளை நினைச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. சொந்தத் தங்கச்சிக்கு இப்படிச் செய்வாளா ஒருத்தி?"

"செய்வாங்க" என்றாள் அக்கா.

"நல்லா செய்வாங்க. அதுவும் ஒரு காரணமும் இல்லாம. சரி, கடைசியில அந்தச் சின்னவ என்னதான் சொல்றான்னு பார்த்தா, பக்கம் வெள்ளையா இருக்கு. எனக்குத்தான் கண்ணு போயிடுச்சோன்னு பயந்து, அதுக்காகத்தான் இன்னிக்கு டெஸ்ட் பண்ணவே வந்தேன்."

அக்கா புத்தகத்தை வாங்கி நடுப்பக்கத்தைத் திறந்து, அந்த அம்மாளின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "இப்ப பாருங்க."

அம்மாள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். "இப்பவும் ஒண்ணுமே இல்லையே."

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள் அக்கா. "அவ இன்னும் ஒண்ணும் சொல்லலை."

பழக்கதோஷத்தில் இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். இடது காது நன்றாகவே மேலே ஏறியிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.